பின்னிருக்கையிலிருந்து தொடங்குங்கள்: இருவர் பயணத்துக்கு ஓர் அட்வென்ச்சர் பைக்

அட்வென்ச்சர் பைக் வாங்க ஷோரூமுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் முன்னிருக்கையில் ஏறி அமர்ந்து, ஹேண்டில்பாரைப் பிடித்துப் பார்த்து, கால் தரையில் எட்டுகிறதா என்று சோதித்துவிட்டு முன்பணம் கட்டிவிடுகிறார்கள். பின்னால் அமரப்போகிறவர், மனைவியோ கணவரோ வளர்ந்த மகளோ யாராக இருந்தாலும், வண்டி வீட்டுக்கு வந்து பூசை போட்ட பிறகுதான் முதன்முறையாக அந்த இருக்கையில் ஏறுகிறார். என் முதல் அட்வென்ச்சர் பைக்கை நானும் அப்படித்தான் வாங்கினேன். நாமக்கல்லிலிருந்து கொடைக்கானலுக்குக் கிளம்பி, தேநீருக்காக வத்தலக்குண்டில் வண்டியை நிறுத்தியபோது, என் மனைவியால் இடுப்பை நிமிர்த்தி நிற்க முடியவில்லை. மலைப்பாதை இன்னும் தொடங்கவே இல்லை. அன்று அவர் ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை என்பதுதான் எனக்கு அதிக வேதனையைத் தந்தது. அதற்கடுத்த வண்டியை அவர்தான் தேர்ந்தெடுத்தார். அந்தத் தேர்வின்போதும் அதன் பிறகும் நாங்கள் இருவரும் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இவ்வகை வண்டிகளின் நீண்ட சஸ்பென்ஷன் (பள்ளத்தின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் ஸ்பிரிங் அமைப்பு), உயர்ந்த தரை இடைவெளி, முதுகு நிமிர்ந்த அமர்வு, அகன்ற ஹேண்டில்பார் ஆகியவை நெடும்பயணத்துக்கு ஏற்றவைதாம். ஆனால் அவற்றில் பல, ஒருவர் மட்டும் ஃபுட்ரெஸ்ட் மீது எழுந்து நின்று கரடுமுரடான பாதையைக் கடப்பதை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. அதற்காக இருக்கையைக் குறுக்குவார்கள், வண்டியை உயர்த்துவார்கள், ஸ்பிரிங்கை மென்மையாக வைப்பார்கள். இந்த மூன்றுமே பின்னால் ஒருவர் அமரும்போது எதிராகத் திரும்புபவை. ஆகவே அட்வென்ச்சர் என்ற பெயரை மட்டும் நம்பி, இருவர் பயணத்துக்கு அது சொகுசாக இருக்கும் என்று முடிவு செய்ய இயலாது.

எடைக் கணக்கு

வண்டியைப் பார்க்கப் போகும் முன்பே வீட்டில் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஒவ்வொரு வண்டிக்கும் அது சுமக்கக்கூடிய மொத்த எடைக்குத் தயாரிப்பாளர் ஒரு வரம்பு வைத்திருப்பார். உரிமையாளர் கையேட்டில் அது அச்சிடப்பட்டிருக்கும். அந்த வரம்பிலிருந்து வண்டியின் சொந்த எடையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய சுமை. வண்டியின் எடையாகக் கொடுக்கப்பட்டிருக்கும் எண் பெட்ரோல் நிரப்பிய எடையா, நிரப்பாத எடையா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 17 லிட்டர் டேங்க் நிறைந்தால் ஏறத்தாழ 13 கிலோ கூடிவிடும்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். மொத்த வரம்பு 370 கிலோ, வண்டியின் எடை 190 கிலோ என்றால் 180 கிலோ ஏற்றலாம். ஓட்டுபவர் 80 கிலோ, பின்னால் அமர்பவர் 65 கிலோ என்றால் அதிலேயே 145 போய்விடுகிறது. இரண்டு தலைக்கவசம், இரண்டு ஜாக்கெட், பூட்ஸ், கையுறை என்று 15 கிலோ. இரும்புக் கிராஷ் கார்டு, பெட்டிகளைப் பொருத்தும் சட்டம், வெறும் பெட்டிகள் என்று இன்னும் 18 கிலோ. ஆக 178 கிலோ ஆகிவிட்டது. ஒரு மாற்றுடையைக்கூட இன்னும் எடுத்து வைக்கவில்லை. கடையில் பார்த்துப் பார்த்து வாங்கிப் பொருத்தும் உதிரி அலங்காரங்கள் எல்லாம் பின்னால் அமர்பவரின் பங்கிலிருந்து கழிக்கப்படுபவை என்பதை இந்தக் கணக்கு எனக்கு உணர்த்தியது. கணக்கு இறுக்கமாக வந்தால் பெட்டிகளை விட்டுவிட்டுத் துணிப் பைகளுக்கு மாறுங்கள், அல்லது அடுத்த நிலை வண்டியைப் பாருங்கள். வரம்பை மீறி ஏற்றுவது பிரேக், டயர், ஸ்போக் மூன்றையும் சோதிப்பதாகும்.

பின்னிருக்கையைப் பார்க்கும் விதம்

பின்னிருக்கையில் முதலில் கவனிக்க வேண்டியது, பலரும் நினைப்பதுபோல், பஞ்சு அல்ல. இருக்கைக்கும் பின்பக்க ஃபுட்ரெஸ்டுக்கும் இடையே உள்ள உயரம்தான். அது குறைவாக இருந்தால் முழங்கால் கூர்மையாக மடங்கும். எடை முழுவதும் தொடையிலிருந்து விலகி இடுப்பெலும்பின் இரண்டு முனைகளில் இறங்கும். அரை மணி நேரத்தில் மரத்துப்போகும். பின்னால் அமர்பவரை ஏறி உட்காரச் சொல்லிவிட்டு, நீங்கள் பக்கவாட்டில் சற்று விலகி நின்று பாருங்கள். அவருடைய தொடை ஏறக்குறையப் படுக்கை மட்டத்தில் இருந்து, முழங்கால் செங்கோணத்தைவிடச் சற்று விரிந்திருந்தால் நல்லது. முழங்கால் இடுப்பைவிட மேலே ஏறி நின்றால், குந்தி உட்கார்ந்த நிலையிலேயே அவர் நாள் முழுவதும் பயணம் செய்ய வேண்டியிருக்கும்.

அடுத்தது அகலமும் சரிவும். இருக்கையின் பின்பாதி அகன்று சமமாக இருக்க வேண்டும். வண்டியின் தோற்றத்துக்காக வாலை மெலிய விட்டிருக்கும் மாடல்களில், அமர்பவரின் இடுப்பெலும்பு இருக்கையின் ஓரத்தில் விழுகிறது. முன்னோக்கிச் சரிந்திருக்கும் இருக்கை இன்னும் மோசம். ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் பின்னால் இருப்பவர் வழுக்கி முன்னால் வந்து உங்கள் முதுகில் மோதுவார். பிறகு கையூன்றித் தன்னைப் பின்னுக்குத் தள்ளிக்கொள்வார். ஒரு நாளில் இது நூறு முறை நடந்தால் தோளும் மணிக்கட்டும் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். இருக்கையில் ஒரு கையை வைத்து முன்னும் பின்னும் தேய்த்துப் பார்த்தாலே உறையின் வழுக்கல் தெரிந்துவிடும்.

பஞ்சைப் பொறுத்தவரை, ஷோரூமில் மெத்தென்று இருப்பது நெடுஞ்சாலையில் ஏமாற்றும். மிக மென்மையான பஞ்சு இருபது நிமிடத்தில் நசுங்கி, அடியில் உள்ள பிளாஸ்டிக் தட்டில் உடலை உட்கார்த்திவிடும். கட்டைவிரலால் அழுத்தினால் எதிர்த்து நிற்கும் பஞ்சே தொலைதூரத்துக்கு உதவும். பஞ்சு ஒன்றுதான் குறை என்றால் வண்டியை ஒதுக்க வேண்டாம். எல்லா ஊரிலும் இருக்கை தைப்பவர்கள் இருக்கிறார்கள். அடர்த்தியான பஞ்சுக்கு மாற்றி, அகலத்தையும் சற்றுக் கூட்டிக் கொடுப்பார்கள். ஆனால் ஃபுட்ரெஸ்டின் இடத்தை அவர்களால் மாற்ற முடியாது. சரிசெய்ய முடிந்த குறை எது, முடியாத குறை எது என்று பிரித்துப் பார்ப்பது இந்தத் தேர்வு முழுவதிலும் உதவும்.

முன்னிருக்கைக்கும் பின்னிருக்கைக்கும் இடையே உள்ள படி அதிக உயரமாக இருந்தால், பின்னால் இருப்பவருக்கு உங்கள் தோளுக்கு மேலாகச் சாலை தெரியும். அது அவருக்கு மகிழ்ச்சி. ஆனால் காற்றும் நேராக அவர் தலைக்கவசத்தில் அடிக்கும், வண்டியின் எடைமையமும் மேலேறும். நடுத்தரமான படியே எங்களுக்கு ஒத்துவந்தது. பிடிமானத்துக்கு இருபுறமும் உறுதியான கிராப் ரெயில் இருக்கிறதா, கையுறை அணிந்த விரல்கள் அதற்குள் நுழைகின்றனவா என்று பாருங்கள். சில வண்டிகளில் பெட்டி பொருத்தியவுடன் பிடிப்பதற்கு இடமே இல்லாமல் போய்விடும். வலப்பக்கம் உயர்ந்து வரும் சைலன்சர், பின்னால் இருப்பவரின் கணுக்காலுக்கோ கெண்டைக்காலுக்கோ எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதையும், எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, ஒருமுறை சோதியுங்கள்.

ஏறுவதும் இறங்குவதும்

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-இன் முன்னிருக்கை உயரம் 825 மில்லிமீட்டர். அதை 845 வரை உயர்த்திக்கொள்ளலாம். சுசுகி வி-ஸ்ட்ராம் எஸ்.எக்ஸ்.-இல் அது 835. கவாசாகி வெர்சிஸ் 650-இல் 845. விளம்பரத்தில் தரப்படும் இந்த எண்கள் எல்லாம் ஓட்டுபவரின் இருக்கைக்கானவை. பின்னிருக்கை இதைவிட உயரம். ஐந்தடி இரண்டு அங்குலம் உள்ள ஒருவர், பெட்டிகள் பொருத்திய வண்டியில், தரையிலிருந்து காலைத் தூக்கிப் போட்டு ஏறுவது நடவாத காரியம். ஆகவே இடப்பக்க ஃபுட்ரெஸ்டைப் படியாக மிதித்து ஏற வேண்டும். ஓட்டுபவர் முதலில் அமர்ந்து, இரு காலையும் ஊன்றி, முன் பிரேக்கைப் பிடித்தபடி 'ஏறலாம்' என்று சொன்ன பிறகு, மற்றவர் அவர் தோளைப் பிடித்து, உடலை வண்டியோடு ஒட்டினாற்போல் மேலெழுப்பி அமர வேண்டும். அந்த ஒரு நொடியில் வண்டி இடப்பக்கம் இழுக்கும். அதைத் தாங்கும் அளவுக்கு உங்கள் பாதம் தரையில் பதிகிறதா என்பதுதான் உங்களுக்கான சோதனை. தனியாக அமர்ந்திருக்கும்போது நுனிக்கால் எட்டினால் போதும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இருவராக இருக்கும்போது, அதுவும் சரிவான மலைச்சாலையோரத்தில், நுனிக்கால் போதாது.

நம் ஊரில் சேலை கட்டியவர்கள் ஒருபக்கமாகக் கால்போட்டு அமர்வது வழக்கம். அட்வென்ச்சர் பைக்கில் அதைத் தவிர்க்க வேண்டும் என்றே சொல்வேன். இருக்கை உயரம் அதிகம். எடை முழுவதும் ஒருபக்கம் சாய்கிறது. திடீரெனப் பிரேக் பிடித்தால் முழங்காலால் அணைத்துக்கொள்ள எதுவும் இல்லை. கொண்டை ஊசி வளைவில் வண்டி வலப்பக்கம் சாயும்போது அவரால் உடலைச் சேர்த்துச் சாய்க்கவும் முடியாது. வெளியூர்ப் பயணத்துக்குச் சுடிதாரோ பேண்டோ அணிந்து இருபுறமும் கால்போட்டு அமர்வது அவருக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் நிம்மதி. அதோடு, பின்சக்கரத்தை ஒட்டியிருக்கும் சாரி கார்டைத் தோற்றத்துக்காகக் கழற்றிவிட வேண்டாம். பின்னால் அமர்பவரின் உடை சக்கரத்தில் சிக்காதபடி சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் தடுப்பு, கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட் ஆகிய மூன்றும் மத்திய மோட்டார் வாகன விதிகள் கட்டாயமாகக் கேட்பவை. துப்பட்டாவின் நுனியை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொள்ளும் பழக்கமும் வேண்டும்.

சஸ்பென்ஷன்: இதில் அவசரம் கூடாது

என் முதல் வண்டி தோற்றது இங்கேதான். 'அட்வென்ச்சர் என்றாலே சஸ்பென்ஷன் சொகுசுதான் சார்' என்று விற்பனையாளர் சொன்னதை நம்பினேன். நான் தனியாக ஓட்டியபோது அது உண்மையாகவும் இருந்தது. இருவர் ஏறியதும் பின்பக்க ஷாக் அப்சார்பர் பாதிக்கு மேல் அமுங்கி நின்றுவிட்டது. வேகத்தடை ஒவ்வொன்றிலும் மிச்சமிருந்த தூரமும் தீர்ந்து, 'டக்' என்று அடித்தளத்தில் இடித்தது. அந்த இடி நேராக ஏறியது என் மனைவியின் முதுகெலும்பில். ஓட்டுபவர் இரண்டு சக்கரங்களுக்கு நடுவில் அமர்ந்திருக்கிறார். பின்னால் இருப்பவரோ பின்சக்கர அச்சுக்கு ஏறக்குறைய நேர்மேலே அமர்ந்திருக்கிறார். பள்ளம் வருவது ஓட்டுபவருக்குத் தெரியும், அவர் உடலைத் தயார்ப்படுத்திக்கொள்வார். பின்னால் இருப்பவருக்கு அதுவும் தெரியாது. ஒரே பள்ளம் இருவருக்கும் ஒரே பள்ளம் அல்ல.

பின்பக்க ஸ்பிரிங்கின் ஆரம்ப அழுத்தத்தை மாற்றும் அமைப்புக்குப் பிரீலோடு என்று பெயர். பிரீலோடைக் கூட்டினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. ஸ்பிரிங்கின் வலிமை மாறுவதில்லை. சுமையால் தாழ்ந்துபோன பின்பக்கம் மறுபடியும் சரியான உயரத்துக்கு வருகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவுதான்' மிகப் பெரிய வித்தியாசம். பின்பக்கம் தாழ்ந்தால் முன்சக்கரத்தின் மீதான எடை குறையும், வண்டி வளைவில் திரும்பத் தயங்கும், முகப்பு விளக்கு மேல்நோக்கி எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், தரை இடைவெளியும் வீணாகும்.

வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். பின்சக்கரம் தரையைத் தொடாதபடி வண்டியைத் தூக்கி நிறுத்தி, அச்சிலிருந்து நேர்மேலே வாலில் ஓரிடத்தைக் குறித்து, இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு பயணத்துக்குப் போகும் உடையோடும் சுமையோடும் இருவரும் அமர, மூன்றாமவர் ஒருவர் அதே தூரத்தை மீண்டும் அளக்க வேண்டும். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம், பின்பக்க சஸ்பென்ஷனின் மொத்த அசைவுத் தூரத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் சரி. 200 மில்லிமீட்டர் அசையக்கூடிய ஹிமாலயன் 450 போன்ற வண்டியில் அது ஏறத்தாழ 65 மில்லிமீட்டர். பிரீலோடை இறுதிவரை கூட்டியும் 80-ஐத் தாண்டித் தாழ்கிறது என்றால், உங்கள் இருவர் எடைக்கு அந்த ஸ்பிரிங் போதாது. வேறு ஸ்பிரிங் கிடைக்குமா என்று விசாரியுங்கள். கிடைக்காதென்றால் வேறு வண்டியைப் பாருங்கள்.

பிரீலோடை எப்படி மாற்றுவது என்பதும் முக்கியம். சிறிய வண்டிகளில் கொக்கி வடிவ ஸ்பானர் கொண்டு ஷாக் அப்சார்பரின் வளையத்தைத் திருப்ப வேண்டும். பெட்டிகள் மாட்டியிருக்கும்போது கை நுழையாது, ஆகவே யாரும் திருப்புவதில்லை. வெர்சிஸ் 650-இல் பக்கவாட்டில் கையாலேயே திருகும் குமிழ் உண்டு. டிரையம்ஃப் டைகர் 900 ஜி.டி. புரோவில் பொத்தானை அழுத்தினால் போதும். வாரநாளில் தனியாக அலுவலகம், வார இறுதியில் இருவராக மலை என்று மாறி மாறிப் போகிறவர்களுக்கு, பத்து பன்னிரண்டு குதிரைத்திறன் கூடுதலாக இருப்பதைவிட இந்தக் குமிழ் அதிகம் பயன்படும் என்பது என் உறுதியான கருத்து.

எஞ்சினில் எதைப் பார்ப்பது

கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40. இருவர் எடையோடு அந்த வளைவுகளில் நடைவேகத்தில் திரும்பி, வளைவு முடிந்ததும் ஏற்றத்தில் இழுத்துக்கொண்டு போவதுதான் எஞ்சினுக்கான உண்மையான தேர்வு. அங்கே உதவுவது உச்சக் குதிரைத்திறன் அல்ல. குறைந்த சுழற்சியிலேயே கிடைக்கும் டார்க் என்ற இழுவை. 2016-இல் வந்த பழைய 411 சிசி ஹிமாலயனின் திறன் 24 குதிரைத்திறன் சொச்சம்தான். ஆனால் அதன் உச்ச இழுவையான 32 நியூட்டன் மீட்டர், நிமிடத்துக்கு 4,000 முதல் 4,500 சுழற்சிக்குள்ளேயே வந்துவிடும். நெடுஞ்சாலையில் அது மெதுவான வண்டி. மலையில் இருவரைச் சலனமில்லாமல் ஏற்றிச் செல்லும் வண்டி. வி-ஸ்ட்ராம் எஸ்.எக்ஸ்.-இல் 22.2 நியூட்டன் மீட்டர், அதுவும் 7,300 சுழற்சியில். மோசமான எஞ்சின் அல்ல, மிகவும் மென்மையானது. ஆனால் இருவரோடு மலையேற ஒரு கியர் கீழே இறங்கியே ஓட்ட வேண்டும்.

திறனைவிடப் பின்னால் இருப்பவர் அதிகம் உணர்வது திராட்டிலை (ஆக்ஸிலரேட்டரை) திறக்கும்போதும் மூடும்போதும் ஏற்படும் வெட்டிழுப்பை. இரண்டு தலைக்கவசங்களும் முட்டிக்கொள்வதற்கு முதல் காரணம் அதுதான். நீண்ட முன்ஃபோர்க் கொண்ட வண்டிகள் பிரேக் பிடிக்கும்போது மூக்கைத் தாழ்த்துவது இரண்டாவது காரணம். திராட்டில் மிருதுவான வண்டியில், கிளட்சை நிதானமாகக் கையாள்பவர் ஓட்டினால், பின்னால் இருப்பவர் தூக்கத்தில் ஆழ்ந்துவிடும் அபாயம்கூட உண்டு. அதிர்வையும் கவனியுங்கள்: ஒற்றை சிலிண்டர் எஞ்சின்களில் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் அதிர்வு கூடும், அது பின்பக்க ஃபுட்ரெஸ்டில் முன்பக்கத்தைவிட அதிகமாக இருக்கலாம். உங்கள் வழக்கமான நெடுஞ்சாலை வேகம் மணிக்கு 80 அல்லது 90 கிலோமீட்டர் என்றால், அந்த வேகத்தில் பாதம் மரக்கிறதா என்று அவரிடம் கேளுங்கள்.

சக்கரமும் காற்றும்

முன்சக்கரம் 21 அங்குலம் என்றால் கற்பாதைக்கு நல்லது. 19 அங்குலம் கற்பாதைக்கும் தார்ச்சாலைக்கும் பொது. 17 என்றால் தார்ச்சாலைக்கு. இருவராகப் போகிறவர்கள் பெரும்பாலும் தார்ச்சாலையிலும் சிதைந்த ஊர்ச்சாலையிலும்தான் போவார்கள். ஆகவே 19 அங்குலமும் டியூப் இல்லாத டயரும் போதும். பஞ்சர் ஆனால் சாலையோரத்திலேயே ஒட்டிக்கொண்டு கிளம்பலாம். ஒருவருக்கு ஒரு காற்றழுத்தம், இருவருக்கு வேறு அழுத்தம் என்று பின்சக்கரத்தருகே ஒட்டியிருக்கும் தாளிலோ கையேட்டிலோ போட்டிருப்பார்கள். பயணத்தன்று காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அதைப் பார்த்து நிரப்புங்கள்.

முன்கண்ணாடி உயரமாக இருந்தால் எல்லாருக்கும் நல்லது என்றில்லை. அது உங்கள் மார்பைக் காப்பாற்றிவிட்டு, கிழிந்த காற்றைப் பின்னால் இருப்பவரின் தலைக்கவசத்தில் கொண்டுபோய் மோதவிடலாம். கிழக்குக் கடற்கரைச் சாலை போன்ற திறந்த வெளியில் ஓட்டிப் பார்த்தால்தான் இது தெரியும்.

பெட்டிகள் பற்றி ஒரு சொல்: பின்னால் வைக்கும் டாப் பாக்ஸ் முதுகுத் துணையாகவும் இருப்பதால் பின்னால் அமர்பவர்கள் அதை விரும்புவார்கள், என் மனைவிக்கும் அது இல்லாமல் ஆகாது. ஆனால் அது பின்சக்கர அச்சுக்கும் பின்னால் தொங்கும் சுமை. அதில் தண்ணீர்ப் பாட்டில்களையும் கருவிகளையும் அடைத்தால் முன்சக்கரம் லேசாகி, ஹேண்டில்பார் ஆடத் தொடங்கும். மழைக்கோட்டு, தின்பண்டம் போன்ற இலேசானவை மேலே. கனமானவை பக்கவாட்டுப் பைகளில், முடிந்தவரை தாழ்வாகவும் முன்னாலும்.

எந்த வண்டி?

இது என் கருத்து. உங்கள் எடையும் உயரமும் வழியும் வேறானால் முடிவும் வேறாகலாம்.

ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 காட்டுப்பாதைக்கு அருமையான வண்டி. தனியாக ஓட்டுபவருக்கு நான் தயங்காமல் சொல்வேன். இருவர் பயணத்துக்கு அதன் திறன் போதாது. வி-ஸ்ட்ராம் எஸ்.எக்ஸ். 167 கிலோ எடையும் 12 லிட்டர் டேங்கும் கொண்டது. சராசரி உடல்வாகு கொண்ட இருவர், ஒரு நாளில் 250 கிலோமீட்டருக்குள், அவசரமில்லாமல் போக அது நிறைவாக இருக்கும். ஓசூரின் டி.வி.எஸ். நிறுவனம் 2025 அக்டோபரில் கொண்டுவந்த அப்பாச்சி ஆர்.டி.எக்ஸ். 300, 36 பி.எஸ். (மெட்ரிக் குதிரைத்திறன்) திறன் கொண்டு, 19 அங்குல முன்சக்கரத்தோடு, இந்த இடைநிலையை நன்றாக நிரப்புகிறது.

நானூறு சிசி வகுப்பில் கே.டி.எம். 390 அட்வென்ச்சர் வேகத்தில் முந்தும், 46 பி.எஸ். திறன் அதற்கு. ஓட்டுபவரை மகிழ்விக்கும் வண்டி. ஆனால் பின்னால் இருப்பவரின் பக்கமிருந்து பார்த்தால் 196 கிலோ எடையுள்ள ஹிமாலயன் 450 நிதானமானது. 40 நியூட்டன் மீட்டர் இழுவை 5,500 சுழற்சியில் கிடைக்கிறது, 17 லிட்டர் டேங்கும் இருக்கிறது. ஓட்டுபவர் குள்ளமானவர் என்றால் மட்டும் தாழ்ந்த இருக்கையோடு ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

பணம் அனுமதித்தால் இரட்டைச் சிலிண்டருக்குப் போங்கள். ஹோண்டா என்.எக்ஸ். 500-உம் 196 கிலோதான். 471 சிசி, 43 நியூட்டன் மீட்டர். அதிர்வு மிகக் குறைவு என்பதால், மாலையில் இறங்கும்போது பின்னால் இருப்பவரின் முகத்தில் அதன் பலன் தெரியும். வெர்சிஸ் 650 இன்னும் ஒரு படி மேல். 21 லிட்டர் டேங்க், அகன்ற பின்னிருக்கை, முன்சொன்ன குமிழ். 17 அங்குலச் சக்கரம் என்பதால் கற்பாதையில் கூட்டிப்போக வேண்டாம். இருவராக நாடு சுற்ற அதைப்போல் பொருத்தமானவை குறைவு. அதற்கும் மேலே பி.எம்.டபிள்யூ. ஆர் 1300 ஜி.எஸ். போன்றவை இருக்கின்றன. 149 நியூட்டன் மீட்டர் இழுவையும், வண்டி நிற்கும்போது தானாகவே தாழ்ந்து கால் ஊன்ற உதவும் கூடுதல் வசதியும் கொண்டவை. சொகுசில் இவற்றுக்கு இணையில்லை; ஆனால் 237 கிலோ எடையை, இருவரோடு, ஒரு குறுகிய மலைக்கிராமச் சந்தில் திருப்பவும் உங்களால் முடிய வேண்டும்.

ஓட்டிப் பார்ப்பது

ஷோரூமைச் சுற்றி ஐந்து நிமிடம் ஓட்டுவது எதையும் சொல்லாது. முக்கால் மணி நேரமாவது, இருவரும் முழுப் பயண உடையில் ஏறி ஓட்ட அனுமதி கேளுங்கள். மறுத்தால், அதே வண்டி வைத்திருக்கும் நண்பரைக் கண்டுபிடியுங்கள், அல்லது ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். இலட்சக்கணக்கில் போடும் பணத்துக்கு அந்த வாடகை சிறிது. வழியில் ஒரு மேடுபள்ளமான சாலை, ஒரு நெடுஞ்சாலைத் துண்டு, ஒரு மேம்பாலச் சரிவில் நிறுத்திக் கிளம்புதல், முழு வட்டமடித்துத் திரும்புதல் ஆகிய நான்கும் வரட்டும். ஓட்டும்போது 'எப்படி இருக்கிறது?' என்று கேட்காதீர்கள். 'நன்றாக இருக்கிறது' என்றுதான் பதில் வரும். இறங்கிய பிறகு, முதலில் எங்கே வலித்தது, எத்தனையாவது நிமிடத்தில் வலித்தது, கை எதைப் பிடித்திருந்தது, பயந்தது எந்த இடத்தில் என்று தனித்தனியாகக் கேளுங்கள். என் மனைவி மூன்று வண்டிகளுக்கு இப்படிக் குறிப்பெழுதினார். நான் மனத்தில் வைத்திருந்த வண்டி அதில் கடைசியாக வந்தது.

இயன்றால் நீங்களும் ஒருமுறை பின்னால் அமர்ந்து, பத்துக் கிலோமீட்டர் போய்ப் பாருங்கள்.

வாங்கிய பிறகு

இருவருக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற முழுமுகத் தலைக்கவசம் வேண்டும். பின்னால் இருப்பவருக்குப் பழையதைக் கொடுக்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்குகிறது. 128-ஆம் பிரிவு பின்னால் ஒருவருக்கு மட்டுமே இடம் தருகிறது. இருவரும் பேசிக்கொள்ளும் புளூடூத் கருவியைச் சிலர் ஆடம்பரம் என்பார்கள். 'முன்னால் வேகத்தடை' என்று அரை நொடி முன்னதாகச் சொல்ல முடிவது ஒரு முதுகைக் காப்பாற்றும் என்பதால் நான் அதைத் தேவை என்பேன்.

மலையிறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல், ஏறிய கியரிலேயே இறங்குங்கள். இருவர் எடையில் பிரேக் சீக்கிரம் சூடாகும், நிற்கும் தூரமும் கூடும். பின்சக்கரத்தில் எடை அதிகம் இருப்பதால் பின்பிரேக் வழக்கத்தைவிட நன்றாகப் பிடிக்கும், அதையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள். முதல் மாதம் ஒரு நாள் பயணங்களாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு ஒருமுறை நிறுத்துங்கள். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் பிரீலோடு எத்தனையாவது படியில் இருந்தது, காற்றழுத்தம் எவ்வளவு, பின்னால் அமர்ந்தவர் என்ன சொன்னார் என்று ஒரு சிறு நோட்டில் எழுதுங்கள். எங்கள் நோட்டில் நான்காவது பயணத்துக்கு எதிரே அவர் கையெழுத்திலேயே இருக்கும் குறிப்பு இது: 'ஏற்காடு. 20 வளைவு. வலி இல்லை. அடுத்தது கொல்லிமலை.'